நாலாயிரம் வேலையில் நம் பிள்ளைக்கு எத்தனை?

கெடா மாநிலம் பாடாங் செராயிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். கேள்வியின் சுருக்கம் இது: "கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் ஜெர்மன்காரர்களும் ஆஸ்திரியாக்காரர்களும் பில்லியன் கணக்கில் பணம் போடுகிறார்களாம். ஆயிரக்கணக்கில் வேலை என்று பேப்பரில் வருகிறது. மகன் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான், மகள் நான்காம் படிவம். நாங்கள் தோட்டத்திலிருந்து வெளியே வந்த குடும்பம். இந்த வேலை எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்குமா? மகன் அதற்காகக் காத்திருக்கலாமா? தொழிற்சாலை ஆட்களை நம்பி வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடலாமா?"

வேலை கிடைக்கும். காத்திருக்க வேண்டாம். அறை கட்டுவதைக் கடைசியில் சொல்கிறேன், அதற்குத் தனியாக ஒரு சட்டமே இருக்கிறது.

நான் இந்த வட்டாரத் தொழிற்சாலைகளில் லைனில் ஆபரேட்டராகத் தொடங்கி ஆள் எடுக்கும் பிரிவுவரை வேலை பார்த்தவன். அதனால் ஆலை வருகிறதா, எத்தனை பில்லியன் என்பதைவிட வேறு இரண்டு கேள்விதான் எனக்கு முக்கியம். உங்கள் பையன் கையில் வாங்கும் நியமனக் கடிதத்தில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது? என்ன பதவி என்று போட்டிருக்கிறது? மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

வெளிநாட்டு முதலீடு நம் ஊருக்குப் புதிதும் அல்ல. பால்மரத் தோட்டமே வெளிநாட்டு முதலீடுதான். கத்ரி, ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்ட், டன்லப் எல்லாம் லண்டன் பணம். அவர்கள் தோட்டம் போட்டபோது பக்கத்துக் கிராமத்து ஆளை வேலைக்கு எடுக்கவில்லை. கங்காணியை ஊருக்கு அனுப்பி நம் பாட்டன் பாட்டியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். 1938-இல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதைத் தடை செய்யும்வரை அதுதான் நடந்தது. ஒரு ஊரில் முதலீடு இறங்குவது ஒன்று, அந்த ஊர்க்காரனுக்கு வேலை கிடைப்பது இன்னொன்று என்பதற்கு நாமே சாட்சி. இன்று நேப்பாளத்துப் பையனும் பங்களாதேஷ் பையனும் அதே வழியில்தான் வந்து இறங்குகிறார்கள். அவர்கள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை.

தோட்டம் சம்பளத்தைக் குறைவாகக் கொடுத்தாலும் லயத்து வீடு, ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் அந்த வேலையோடு சேர்ந்தே வந்தன. வேலை போனால் எல்லாம் சேர்ந்து போயின என்பதும் உங்களுக்குத் தெரியும். தொழிற்சாலை சம்பளத்தை மட்டும் கொடுக்கும். வீட்டு வாடகை, மோட்டார் தவணை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் செலவு எல்லாம் அந்தச் சம்பளத்துக்குள்தான். "தோட்டத்தைவிட இரண்டு மடங்கு சம்பளம்" என்று யாராவது சொன்னால் இதையும் கழித்துப் பாருங்கள்.

இப்போது எண்களுக்கு வருவோம். கூலிம் ஹைடெக் பார்க் 1996-இல் திறக்கப்பட்டது, நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பத் தொழிற்பேட்டை. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியபோது அங்கே கையால் செய்யும் வேலைதான் அதிகம். தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பேக்டரி பஸ் ஏறிப் போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து நாள் முழுக்க உட்கார்ந்திருந்த காலம் அது. ஆயிரம் வேலை என்றால் ஆயிரம் பேரை அப்படியே எடுத்தார்கள், படிப்பைக்கூட அதிகம் பார்க்கவில்லை. உங்கள் அம்மா காலத்து ஆட்கள் "பேக்டரிக்குப் போனால் வேலை" என்று சொல்வது அந்த நினைப்பில்தான். கூலிமில் இப்போது வருவது அந்த வகை ஆலை இல்லை.

இன்ஃபினியனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசியாவில் தங்களுடைய முதல் வேஃபர் ஆலையை (வேஃபர் என்பது சில்லு, அதாவது சிப், செய்யும் மெல்லிய தட்டு) 2006-இல் கூலிமில் திறந்த ஜெர்மன் கம்பெனி. 2022-இல் மூன்றாவது கட்டடத்துக்கு 2 பில்லியன் யூரோவுக்கு மேல் என்று அறிவித்தார்கள். 2023 ஆகஸ்டில் இன்னும் 5 பில்லியன் யூரோ வரை போடுவோம் என்றார்கள். 2024 ஆகஸ்டில் முதல் கட்டம் திறந்தது. மின்சாரக் கார்களுக்கும் சூரிய மின்சாரக் கருவிகளுக்கும் வேண்டிய சிலிக்கான் கார்பைட் சில்லுகள் அங்கே தயாராகின்றன. முதல் கட்டத்தில் 900 வேலை, எல்லாம் முடியும்போது 4,000 வரை என்பது அவர்கள் சொன்ன கணக்கு. 7 பில்லியனை 4,000-ஆல் வகுத்தால் ஒரு வேலைக்குப் பதினேழரை லட்சம் யூரோ. அவ்வளவு பணமும் மெஷினுக்குத்தான் போகிறது. வேஃபர் பெட்டியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதுகூடக் கூரையில் ஓடும் தானியங்கி வண்டிதான். தூக்கி வைக்க ஆள் தேவையில்லை, அந்த வண்டி நின்றுவிட்டால் சரிசெய்ய ஆள் தேவை.

ஆஸ்திரியாவின் ஏடி அண்ட் எஸ் 2021-இல் 8.5 பில்லியன் வெள்ளி (ரிங்கிட்), சுமார் 6,000 வேலை என்று அறிவித்து, 2024 ஜனவரியில் ஆலையைத் திறந்தது. சில்லுக்கு அடியில் இருக்கும் சப்ஸ்ட்ரேட் தயாரிக்கிறார்கள். ஒரு வேலைக்கு ஏறக்குறைய 14 லட்சம் வெள்ளி. நிலைமை ஒன்றுதான்.

இந்த எண்கள் எல்லாம் பல ஆண்டுகளுக்கு உரியவை. சந்தை நன்றாக இருந்தால் அந்த அளவுக்குப் போகும், இல்லாவிட்டால் மெதுவாகும். மிடா என்ற அரசாங்க முதலீட்டு வாரியம் ஒவ்வொரு ஆண்டும் வெளியிடும் "அங்கீகரிக்கப்பட்ட முதலீடு" என்ற தொகையும் அனுமதி கொடுத்த தொகைதான், செலவாகிவிட்ட பணம் அல்ல.

ஆள் எடுப்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது, அது வெளியே அதிகம் தெரிவதில்லை. கட்டடம் எழும்பும்போதே எஞ்சினியர்களை எடுத்துவிடுவார்கள். இன்ஃபினியன் மாதிரி கம்பெனி என்றால் ஆஸ்திரியாவில் உள்ள வில்லாக் ஆலையோடு கூலிம் ஆலையைச் சேர்த்தே நடத்துகிறார்கள், பயிற்சிக்கு அங்கே அனுப்புவதும் உண்டு. அடுத்து மெஷின் வந்து இறங்கும்போது டெக்னிஷன்கள். உற்பத்தி ஓடத் தொடங்கிய பிறகுதான் ஆபரேட்டர்கள், அதுவும் சந்தையைப் பார்த்துப் பார்த்து. அமைச்சர் ரிப்பன் வெட்டும் படம் பேப்பரில் வரும் நேரத்தில் நல்ல வேலைகள் பலவற்றுக்கு ஆள் உட்கார்ந்தாகிவிட்டது. காத்திருக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அப்புறம் ஆபரேட்டர் வேலை. இது கேவலமான வேலை என்று நான் சொல்ல மாட்டேன், நானே அங்கிருந்து வந்தவன்தான். ஆனால் இதில்தான் கடிதத்தில் யார் பெயர் என்ற கேள்வி வருகிறது. பல ஆலைகள் ஆபரேட்டர்களில் ஒரு பங்கை நேரடியாக எடுப்பதில்லை, ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டர் வழியாக எடுக்கின்றன. சட்டையில் பெரிய கம்பெனியின் பெயர் இருக்கும், சம்பளச் சீட்டில் யாரும் கேள்விப்படாத ஏதோ ஒரு எண்டர்பிரைஸ் பெயர் இருக்கும். போனஸ், மருத்துவ அட்டை, ஆண்டு உயர்வு எல்லாம் நிரந்தர ஆட்களுக்கு. ஆர்டர் குறைந்தால் முதலில் நிறுத்தப்படுவது கான்ட்ராக்ட் ஆள். பழைய கங்காணி தலைக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கியதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

எல்லாக் கான்ட்ராக்டரும் ஏமாற்றுக்காரர் இல்லை. ஒழுங்காக நடத்துபவர்களும் உண்டு, ஒன்றிரண்டு ஆண்டில் கம்பெனியே நேரடியாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. ஆள் சப்ளை செய்பவர் தொழிலாளர் இலாகாவில் பதிந்திருக்க வேண்டும் என்பது சட்டம், அதைக் கேட்டுப் பாருங்கள். சம்பளச் சீட்டில் இபிஎஃப்பும் (சேமநிதி) சொக்சோவும் (தொழிலாளர் காப்புறுதி) பிடித்திருக்கிறதா என்று முதல் மாதமே பாருங்கள். அதோடு விடாமல் இபிஎஃப் செயலியில் பணம் உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். 5,000 வெள்ளிவரை சம்பளத்துக்கு முதலாளி பங்கு 13 சதவீதம், பையன் பங்கு 11 சதவீதம். சீட்டில் பிடித்துவிட்டுக் கட்டாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். "உள்ளே ஆள் தெரியும், வேலை வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்பவர் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சம்பளக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதில் ஏமாறுபவர்கள் அதிகம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26 நாளால் வகுத்து, 8 மணி நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 8 வெள்ளி 17 காசு. சாதாரண நாளில் ஓட்டி (கூடுதல் நேர வேலை) என்றால் ஒன்றரை மடங்கு, அதாவது 12 வெள்ளி 26 காசு. ஓய்வு நாளில் 2 மடங்கு, பொது விடுமுறையில் 3 மடங்கு. மாதத்துக்கு 104 மணி நேரத்துக்கு மேல் ஓட்டி வாங்கக் கூடாது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஷிஃப்ட் கணக்கு. 12 மணி நேர ஷிஃப்ட் என்றவுடன் தினமும் 4 மணி நேரம் ஓட்டி என்று பிள்ளைகள் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஷிஃப்ட் வேலைக்குச் சட்டம் வேறு மாதிரி: மூன்று வாரச் சராசரி வாரத்துக்கு 45 மணி நேரத்தைத் தாண்டாமல் இருந்தால், ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாம். எனவே, "ஓட்டி எந்த மணி நேரத்திலிருந்து தொடங்குகிறது, ஷிஃப்ட் படி எவ்வளவு?" என்று இண்டர்வியூவிலேயே கேட்கச் சொல்லுங்கள். கேட்டதற்காக யாரும் வேலை இல்லை என்று சொல்லமாட்டார்கள். "எல்லாம் சேர்த்தால் மூவாயிரம் வரும்" என்ற பேச்சில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதுதான் முக்கியம். ஆர்டர் குறைந்த மாதத்தில் ஓட்டி நிற்கும், கார் தவணை நிற்காது.

கிளீன்ரூம், அதாவது தூசி இல்லாத உற்பத்தி அறை பற்றியும் ஒரு வார்த்தை, நம் வீடுகளில் இதில் சண்டையே வந்திருக்கிறது. வேஃபர் ஆலைக்குள் தலையிலிருந்து கால்வரை மூடும் உடை. உள்ளே பவுடர், மேக்கப், பூ எதுவும் கூடாது. நெற்றியில் திருநீறும் கூடாது, கையில் கட்டிய கயிறும் பெரும்பாலும் கழற்ற வேண்டும். மதத்தின்மேல் உள்ள வெறுப்பு அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் விழுந்தால் சில்லு கெட்டுவிடும். காலையில் கும்பிட்டுத் துடைத்துவிட்டுப் போகவேண்டியதுதான். நிறக்குருடு இருக்கிறதா என்றும் பல ஆலைகளில் பார்ப்பார்கள். ஆண்களில் இது கொஞ்சம் பரவலாகவே உண்டு, முன்கூட்டியே கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது.

நான் உங்கள் மகனுக்குச் சொல்வது டெக்னிஷன் வேலை. மெஷினைப் பழுதுபார்ப்பவன், தண்ணீர், வாயு, மின்சாரம் ஓட வைப்பவன். ஆலை ஆட்களைக் குறைத்தாலும் கடைசியில் கை வைப்பது இவன்மேல்தான். நம் ஊர்ப் பக்கத்திலேயே, கூலிம் ஹைடெக்கிலேயே துவாங்கு சுல்தானா பஹியா பாலிடெக்னிக் இருக்கிறது. மின்னியல், மின்னணுவியல், இயந்திரவியல் டிப்ளமா. யுபியு என்ற அரசாங்க உயர்கல்வி விண்ணப்ப முறை வழியாக மனுப்போட வேண்டும், கணிதத்தில் கிரெடிட் இருந்தால் வழி சுலபம். கிரெடிட் இல்லை என்றால் ஒன்றும் முடிந்துவிடவில்லை. மலேசியத் திறன் சான்றிதழ் முறை ஐந்து நிலை கொண்டது, முதல் மூன்றும் எஸ்கேஎம், நான்காவது நிலை டிப்ளமா. ஐஎல்பி, கியாட் மாரா மாதிரி அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களில் கீழ் நிலையிலிருந்து ஏறலாம். ஜெர்மன் முறையைப் பார்த்துக் கொண்டுவந்த எஸ்எல்டிஎன் திட்டத்தில் பெரும்பகுதி நேரம் தொழிற்சாலையிலேயே கழியும், படித்துக்கொண்டே அலவன்சும் வாங்கலாம். பயிற்சிக் கட்டணத்துக்கு பிடிபிகே என்ற அரசாங்கத் திறன் மேம்பாட்டு நிதியின் கடன் உண்டு.

பையன்கள் அதிகம் கண்டுகொள்ளாத இன்னொரு வழி இருக்கிறது. ஆலையின் கூரைக்கு மேலும் பின்கட்டிலும் நடப்பவை: சில்லர், கம்ப்ரெசர், தண்ணீர் சுத்திகரிப்பு, பெரிய மின்சாரச் சுவிட்ச் அறை. உயர் தொழில்நுட்ப ஆலை என்றாலும் இவை இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடாது. இங்கே வேலை பார்க்க எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் (மின்கம்பி வேலை), சார்ஜ்மேன் (மின்சாரக் கருவிகளுக்குப் பொறுப்பாளர்) சான்றிதழ் வேண்டும். சார்ஜ்மேன் இல்லாமல் இந்த மாதிரி ஆலை நடத்தச் சட்டம் விடாது, அதனால் சான்றிதழ் வைத்திருப்பவனைத் தேடிப் பிடிக்கிறார்கள். செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்த நம் பெரியவர்கள் பலர் இதே மாதிரி அரசாங்கச் சான்றிதழ் வைத்திருந்தவர்கள்தான். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு இது புதிய உலகமே இல்லை. பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடும் பையனைவிட சார்ஜ்மேன் பையன் நன்றாகச் சம்பாதிப்பதை இந்த வட்டாரத்தில் நீங்களே விசாரித்துப் பார்க்கலாம்.

மகள் நான்காம் படிவம்தானே, அவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கணிதத்தையும் இயற்பியலையும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் திட்டத்தில் 60,000 எஞ்சினியர்களைத் தயாராக்குவோம் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. இலக்கு என்பது இலக்குதான், ஆனால் ஆள் பற்றாக்குறை உண்மை. நம்மில் நல்ல எஞ்சினியர்கள் சிங்கப்பூருக்குப் போய்விடுவதால் இங்கே காலியாகும் இடமும் கொஞ்சமில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை என்று தயங்க வேண்டாம். ஆனால் இண்டர்வியூ மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் நடக்கும். மெஷின் கையேடு முழுக்க ஆங்கிலம். பேச வெட்கப்பட்டே வாய்ப்பை விட்ட தோட்டத்துப் பிள்ளைகளை எனக்குத் தெரியும், மார்க் குறைவாக இருந்து விட்டவர்களைவிட அவர்கள் அதிகம்.

உள்ளூர் ஆட்களைத்தான் எடுக்க வேண்டும் என்று அரசாங்கம் கட்டாயப்படுத்தாதா என்றால், தயாரிப்பு உரிமம் கொடுக்கும்போது முழுநேர ஊழியர்களில் 80 சதவீதம் மலேசியராக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. மலேசியர் என்றுதான் இருக்கிறது, பாடாங் செராய் என்று இல்லை. கிளந்தான் பையனும் பேராக் பையனும் கூலிமுக்கு வந்து அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறான். நம் பிள்ளை அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு மோட்டாரில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கிறான். நமக்கு இருக்கும் சலுகை அவ்வளவுதான், அதுவே மாதம் ஐந்நூறு வெள்ளி மிச்சம்.

ஆலை என்றைக்கும் இருக்கும் என்று நினைத்துவிடவும் வேண்டாம். பானாசோனிக் 2012-இல் கூலிமில் சூரிய மின்தகடு ஆலையைத் தொடங்கியது, 2021-இல் அந்தத் தொழிலையே விட்டுவிடுவதாக அறிவித்தது. சீன விலையோடு போட்டிபோட முடியவில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் செய்த தப்பு ஒன்றுமில்லை. ஆட்குறைப்பு வந்தால் தோட்டம் மூடும்போது வாங்கிய அதே 1980-ஆம் ஆண்டு விதிதான்: இரண்டு ஆண்டுக்குக் கீழ் என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், ஐந்து ஆண்டுக்குக் கீழ் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். இப்போது சொக்சோ நடத்தும் வேலைக் காப்புறுதியும் சில மாதங்களுக்குக் கைகொடுக்கும். மின்னணுத் தொழிலாளர்களுக்கு நெடுங்காலம் தேசியத் தொழிற்சங்கமே அனுமதிக்கப்படவில்லை, 2009-க்குப் பிறகுதான் வட்டாரச் சங்கங்கள் வந்தன. தோட்டத்தில் சங்கம் பார்த்து வளர்ந்த நமக்கு இது விநோதமாகத்தான் இருக்கும். உங்கள் மகன் போகும் ஆலையில் சங்கம் இருந்தால் சேரச் சொல்லுங்கள்.

சரி, அறை கட்டும் விஷயம். வெளிநாட்டுத் தொழிலாளர்களை நம்பிக் கட்டுவதாக இருந்தால் வேண்டாம். அவர்களுக்கான தங்குமிடத்துக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வேண்டும். சட்டம் 446 என்பார்கள், 2020-லிருந்து எல்லாத் தொழில்துறைக்கும் பொருந்தும். வீடு என்றால் ஒருவருக்குப் படுக்க 3.6 சதுர மீட்டர், ஹாஸ்டல் என்றால் 3, கழிவறைக்கும் கணக்கு உண்டு. அதனால் பெரிய கம்பெனிகள் மொத்தமாக ஹாஸ்டல் பக்கம் போகின்றன. இரண்டு அறைக்காரரிடம் வரமாட்டார்கள், வந்தாலும் ஏஜென்ட்தான் வந்து இரண்டு அறையில் பன்னிரண்டு பேரை அடைப்பார். வெளி மாநிலத்திலிருந்து வரும் டெக்னிஷன்கள், பாலிடெக்னிக் மாணவர்கள் உங்கள் பக்கம் அறை தேடுகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். தேடினால், இப்போது இருக்கும் வீட்டிலேயே ஓர் அறையை ஒழித்து ஓர் ஆண்டு விட்டுப் பாருங்கள். இபிஎஃப் பணத்தை எடுத்தோ வங்கிக் கடன் வாங்கியோ இப்போது கட்ட வேண்டாம். அந்தப் பணம் கையில் இருந்தால் பையனின் சார்ஜ்மேன் பயிற்சிக்கு ஒதுக்கி வையுங்கள். பாலிடெக்னிக் மனுவின் கடைசி நாள் எப்போது என்று இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.